47.6 என்று நான் சொல்லவில்லை

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கரையைக் கடந்தது. எங்கள் கொல்லையில் தாத்தா வைத்த முந்திரி மரங்கள் எழுபது சொச்சம். காற்று அடங்கி வெளியே வந்து பார்த்தபோது நின்றவை நான்கு. பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒட்டுக்கன்று வைத்தால் மூன்று நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும், கணிசமாகக் கொட்டை பார்க்க ஏழெட்டு வருடம் ஆகும். ஆனால் ஊரில் கொட்டை உடைக்கிற கொட்டகைகளுக்கு மறுநாளே கொட்டை வேண்டும். அது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. புயலுக்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தது, அப்புறம் இன்னும் வேண்டியிருந்தது.

கொட்டை வந்த கப்பலுக்கு எதிர்த்திசையில் நான் போனேன். பி.காம். இரண்டு பேப்பர் அரியர், தோப்பு போச்சு, தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தூத்துக்குடியில் இறக்குமதி செய்கிற ஒருவருக்கு "கொட்டையைப் பார்த்தே தரம் சொல்கிற பையன்" தேவைப்பட்டான். என் மச்சான் என்னைக் கை காட்டினார். 2012 பிப்ரவரி கடைசியில் பெனின் நாட்டின் கொத்தோனூ நகரில் இறங்கினேன். அதற்கு ஒரு மாதம் முன்பு வரை பெனின் என்று ஒரு நாடு இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் கொட்டகை மூட்டைகளில் அச்சடித்திருந்த அந்தப் பெயரை ஏதோ கம்பெனி என்றுதான் நினைத்திருந்தேன்.

வேலை இதுதான். மூட்டைகளில் அங்கங்கே கைவிட்டு மாதிரி எடுத்து, கலந்து, நாலாகப் பிரித்து, அதில் ஒரு கிலோ நிறுத்து எடுக்க வேண்டும். எத்தனை கொட்டை என்று எண்ண வேண்டும். பெனின் கொட்டை கிலோவுக்கு இருநூறு முன்பின் வரும். பிறகு கட்டரில் ஒவ்வொன்றாக இரண்டாக வெட்டி, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, பிஞ்சு, சொத்தை, எண்ணெய் ஏறியது என்று தட்டில் பிரிக்க வேண்டும். நல்ல பருப்பின் எடையோடு புள்ளி விழுந்ததில் பாதியைக் கூட்டி, வருகிற கிராமை 0.1764-ஆல் பெருக்கினால், 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கும் என்று தெரிந்துவிடும். இதற்குப் பெயர் அவுட்டர்ன். கிலோவில் நிறுத்து பவுண்டில் சொல்கிற இந்தக் கூத்து எப்படி வந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. முந்திரி வியாபாரத்தில் கொட்டைக்கு ஊர் பேர் எல்லாம் இரண்டாம் பட்சம், அவுட்டர்ன்தான் அதன் ஜாதகம்.

கொத்தோனூவிலிருந்து வடக்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் பராக்கு. முந்திரி வியாபாரத்தின் ஊர். அதற்குக் கொஞ்சம் முன்னால், சாவுரூ தாண்டி உள்ளே போகிற செம்மண் பாதையில் ஒரு கிராமம். அப்போதைய ஜனாதிபதி போனி யாயிக்குச் சொந்த ஊர் சாவுரூ. அதனால் அந்த ஊர் வரைக்கும் ரோடு நன்றாக இருந்தது என்று சொல்லிச் சிரிப்பார்கள். எங்கும் அரசியல் அப்படித்தான்போல.

அந்தக் கிராமத்தில் ஒரு பெரியவரிடம் பதினோரு மூட்டை இருந்தது. எல்லோரும் அவரைப் பாபா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். எங்களுக்காகச் சரக்கு பிடித்துக் கொடுத்த உள்ளூர் வியாபாரி என்னையும் ஒரு மேடைத் தராசையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தராசை அங்கே பாஸ்கூல் என்பார்கள். நான் மர நிழலில் உட்கார்ந்து வெட்டினேன். நல்லது 252 கிராம், புள்ளி 36. பாதி 18. ஆக 270. பெருக்கினால் 47.6. அருமையான சரக்கு, நன்றாகக் காயவைத்திருந்தார்.

வியாபாரி குனிந்து கேட்டார். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். அவர் நிமிர்ந்து பாபாவிடம் "44" என்றார்.

பாபா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கத்தியும் கட்டரும் வைத்திருந்தவன் நான். நான் தலையைக் குனிந்து வெட்டிய தோல்களைச் சாக்கில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு பராக்குவில் இடித்த வள்ளிக்கிழங்குக் களியை முன்னால் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 880 கிலோவுக்கு 47.6-க்கும் 44-க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட 66 கிலோ கொட்டையின் விலை. தராசில் போனது தனி. அந்தப் பாஸ்கூலில் நானே ஏறி நின்று பார்த்திருந்தேன், ஊரில் 64 கிலோ இருந்தவன் அங்கே 61. மூன்று வாரத்தில் இளைத்துவிட்டேன் என்று முதலில் சந்தோஷப்பட்டேன்.

எனக்கு இது புதிதல்ல, அதுதான் உறுத்தியது. என் அப்பாவிடமும் வியாபாரிகள் மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று பிடித்ததுண்டு. ஈரம் என்பார்கள், கல் என்பார்கள். அப்பா ஒரு வருடம் கோபித்துக்கொண்டு சரக்கைக் கமிட்டிக்குக் கொண்டுபோனார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அங்கே ஒன்றும் சொர்க்கம் நடக்கவில்லை. காத்திருப்பு, வண்டிச் சத்தம், பணம் வரத் தாமதம், எல்லாம் உண்டு. ஆனால் தராசு அரசாங்கத்துடையது, விலை பலகையில் எழுதியிருந்தது. அடுத்த வருடம் வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரியிடம் அப்பா அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினார். கழிவு குறைந்தது. அப்பா அப்புறம் கமிட்டிக்குப் போகவே இல்லை. போகலாம் என்பதே போதுமாக இருந்தது.

பாபாவிடம் அப்படிக் காட்ட ஒரு சீட்டு இல்லை.

ஆப்பிரிக்கா ஏன் முன்னேறவில்லை என்று டீக்கடையிலும் யூடியூபிலும் நிறையப் பேர் பேசுகிறார்கள். "அவனுங்க சோம்பேறிங்க" என்று என்னிடமே சொன்ன ஒருவருக்கு, பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுக்கும் பெண்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டு, தலையாட்டி, மறுபடி அதையே சொன்னார். இன்னொரு பக்கம், வெள்ளைக்காரன் சுரண்டினான், இன்னும் சுரண்டுகிறான், அவ்வளவுதான் என்கிறவர்கள். அது பொய்யில்லை. ஆனால் சாவுரூ பக்கத்து மர நிழலில் வெள்ளைக்காரன் யாரும் இல்லை. நான் இருந்தேன். கடலூர் மாவட்டத்துக்காரன்.

இந்த வியாபாரத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதற்கு மொசாம்பிக் கதை ஒன்று போதும். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாக முந்திரி விளைந்த நாடு அது. எழுபதுகளின் தொடக்கத்தில் வருடத்துக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். 1975-ல் சுதந்திரம், 1978-ல் பச்சைக் கொட்டை, அதாவது உடைக்காத கொட்டை, ஏற்றுமதிக்குத் தடை. பிறகு உள்நாட்டுப் போர், விளைச்சல் சரிந்தது. தொண்ணூறுகளில் கடனுக்காக உலக வங்கியிடம் போனபோது, பச்சைக் கொட்டை மீதான ஏற்றுமதி வரியைக் குறைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். வரி குறைந்தால் வெளிநாட்டு வியாபாரி அதிக விலை கொடுப்பான், அந்தப் பணம் விவசாயிக்குப் போகும் என்பது அவர்கள் கணக்கு. அப்போதுதான் தனியாருக்கு விற்கப்பட்டிருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஏறக்குறைய பத்தாயிரம் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். விவசாயிக்கு என்ன கிடைத்தது என்று பின்னால் பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டபோது, சராசரிக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 டாலர் சொச்சம். மிச்சத்தில் பெரும்பங்கை நடுவில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கொட்டை எங்கே வந்தது? இந்தியாவுக்கு. கொல்லத்திலும் தூத்துக்குடியிலும் எங்கள் தொழிலின் மூத்தவர்கள் "மொசாம்பிக் சரக்கு வந்து குவிந்த காலம்" என்று ஒரு பொற்காலத்தைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குவியலின் மறுமுனையில் பூட்டிய ஆலை இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. எனக்கும் நாற்பது வயது நெருங்கும்போதுதான் தெரிந்தது.

2018-ல் என்னைத் தான்சானியாவுக்கு அனுப்பினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பிப்ரவரி முதல் ஜூன் வரை கொட்டை என்றால், அங்கே அக்டோபரில் பருவம் தொடங்கும். தெற்கே ம்ட்வாரா. அங்கே பார்த்த ஏற்பாடு எனக்குப் பொறாமையாக இருந்தது. விவசாயி தன் கொட்டையை ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்து ரசீது வாங்குகிறார். சங்கம் அதைப் பெரிய கிடங்கில் சேர்க்கிறது. அப்போதெல்லாம் வாங்குகிறவர்கள் விலையை எழுதிப் பெட்டியில் போட வேண்டும், பெட்டியை விவசாயிகள் முன்னால் திறந்து விலைகளைச் சத்தமாக வாசிப்பார்கள். அவர்கள் சரி என்றால்தான் விற்பனை. கிடங்கு ரசீது முறை என்று 2007 முதல் நடத்திவந்தார்கள். இதற்கு வெளியே, கடன்பட்ட விவசாயியிடம் முன்கூட்டியே கிண்ணத்தில் அளந்து வாங்குகிற திருட்டு வியாபாரத்துக்குக் கங்கோம்பா என்று பெயர். அந்தக் கிண்ணத்தின் பெயர்தான் அது. நம்மூரில் படிக்கு அடியில் மெழுகு ஒட்டுவார்கள் என்று கேள்விப்பட்டதில்லையா, அந்த வம்சம்.

அந்த வருடம் உலகச் சந்தையில் விலை விழுந்தது. முந்தைய பருவத்தில் கிலோவுக்கு 4,000 ஷில்லிங் வரை பார்த்த விவசாயிகள், பெட்டியிலிருந்து வந்த விலையைக் கேட்டு விற்க மாட்டோம் என்று எழுந்துவிட்டார்கள். நான் எந்தப் பக்கம் என்று எனக்கே குழப்பம். என் முதலாளி போட்ட விலையும் அந்தப் பெட்டியில் இருந்தது. ஆனாலும் கூட்டமாகக் கூடி "முடியாது" என்று சொல்ல ஒரு இடம் இருக்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷம்.

நவம்பரில் ஜனாதிபதி மகுஃபுலி தலையிட்டார். அரசே எல்லாக் கொட்டையையும் கிலோ 3,300 ஷில்லிங்குக்கு வாங்கும் என்றார், இரண்டு அமைச்சர்களை நீக்கினார், முந்திரி வாரியத்தைக் கலைத்தார், சரக்கு எடுக்க ராணுவத்தை அனுப்பினார். ராணுவ லாரிகள் வரிசையாகப் போனதை ரோட்டோரம் நின்று பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள், எனக்கும் தட்டத் தோன்றியது. சினிமாவில் இந்த இடத்தில்தான் இடைவேளை விடுவார்கள்.

இரண்டாம் பாதி சுகமில்லை. கங்கோம்பாக்காரர்களுக்குப் பணம் போய்விடக் கூடாது என்று, ஒவ்வொரு விவசாயிக்கும் உண்மையிலேயே அத்தனை மரம் இருக்கிறதா என்று சரிபார்க்கத் தொடங்கினார்கள். நோக்கம் நியாயமானதுதான். ஆனால் அதைச் செய்யப் பழகியிருந்த வாரியத்தைத்தான் கலைத்தாயிற்றே. பலருக்கு மாதக்கணக்கில் பணம் வரவில்லை. கென்ய நிறுவனம் ஒன்று ஒரு லட்சம் டன் வாங்கும் என்று 2019 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டார்கள், அது நடக்கவில்லை. கொட்டை கிடங்கில் கிடந்து ஈரம் ஏறியது. இத்தனைக்கும் அடியில் இன்னொன்று நடந்திருந்தது. பச்சைக் கொட்டை ஏற்றுமதி வரியில் 65 சதவீதம் முந்திரித் துறைக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது, மரத்துக்கு அடிக்கிற கந்தகத் தூள் உட்பட. 2018-ன் நடுவில் சட்டத்தைத் திருத்தி முழுவதையும் கஜானாவுக்கு எடுத்துக்கொண்டார்கள். தெற்கத்தி எம்.பி.க்கள் கத்திப் பார்த்தார்கள். ராணுவ லாரி எல்லோர் கண்ணிலும் பட்டது. வரித் திருத்தம் யார் கண்ணில் படும்?

தலைவர் விவசாயி பக்கம் நின்றார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பத்துப் பதினோரு வருடமாகத் தட்டுத்தடுமாறி நின்ற ஒரு ஏற்பாட்டை, விவசாயிகள் அதைச் சரியாகப் பயன்படுத்திய அதே பருவத்தில் தூக்கி ஓரமாக வைத்தார். அவர்கள் "முடியாது" என்றபிறகு பேரம் தொடர்ந்திருந்தால் எங்கே போய் முடிந்திருக்கும்? என் முதலாளி இன்னும் கொஞ்சம் ஏற்றியிருப்பார். எனக்குத் தெரியும், தொலைபேசியில் அவர் எனக்குச் சொன்ன உச்சவரம்பு பெட்டியில் போட்டதைவிட அதிகம்.

ஐவரி கோஸ்ட்டில் சத்தம் குறைவு. பத்து லட்சம் டன்னைத் தாண்டி இன்று உலகத்தில் அதிகமாக விளைவது அங்கேதான். பருத்திக்கும் முந்திரிக்கும் சேர்த்து ஒரு வாரியம். 2013-ல் முந்திரித் துறையைச் சீர்திருத்தியதிலிருந்து, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச விலையை அந்த வாரியம் அறிவிக்கிறது. 2018-ல் கிலோவுக்கு 500 செஃபா, அந்தப் பக்கத்து நாணயம். அந்த வருடம் சந்தை விழுந்ததும் பல இடங்களில் அந்த விலை வானொலியில் மட்டும்தான் இருந்தது. பிறகு 375, 400, 305, மறுபடி 305, 315, 2024-ல் 275, 2025-ல் 425. உயர்ந்தும் தாழ்ந்தும் போகிற இந்த எண்களைப் பார்த்து சிலர் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கிராமத்துச் சரக்கு பிடிப்பவர்களை அங்கே பிஸ்தேர் என்பார்கள். கானா எல்லைக்கு அருகே போண்டுக்கு என்ற ஊர்ப் பக்கம் ஒரு பிஸ்தேரோடு சுற்றியபோது, பல் விழுந்த ஒரு கிழவி அவரிடம் அறிவித்த விலையைச் சொல்லி, "அதற்குக் கீழே என்றால் என் பையனின் மோட்டார் சைக்கிளில் கானாவுக்குப் போகும்" என்றார். கடத்தல் குற்றம்தான். தரைவழி எல்லை தாண்டக் கூடாது, துறைமுகம் வழியாகத்தான் போக வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் கிழவி கையில் ஒரு எண் இருந்தது. என் அப்பாவின் சீட்டு மாதிரி.

உடைத்துப் பருப்பாக்குவதிலும் அவர்கள் மெதுவாக நகர்ந்தார்கள். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோ பருப்புக்கும் ஆலைக்கு 400 செஃபா மானியம் கொடுத்தார்கள். பச்சைக் கொட்டைக்கு வரி. பத்து வருடத்துக்கு முன்பு விளைச்சலில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளூரில் உடைக்கவில்லை, இப்போது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. இதற்காக 2018-ல் 200 மில்லியன் டாலர் கடன் கொடுத்தது யார் தெரியுமா? அதே உலக வங்கி. மொசாம்பிக்கில் ஆலை மூடி வேலை இழந்தவர்கள் அதைப் படித்துவிட்டு என்ன நினைத்திருப்பார்கள்?

ஆலை கட்டுவது பெரிய விஷயமில்லை, அதை வருடம் முழுக்க ஓட்டுவதுதான் வித்தை. இதை நம் ஆட்கள் பலரும் கவனிப்பதில்லை. அங்கே கொட்டை மூன்று நான்கு மாதத்தில் வந்து முடிந்துவிடும். பன்னிரண்டு மாதத்துக்கு வேண்டியதை அதற்குள் வாங்கிக் கிடங்கில் அடைக்க வேண்டும். அத்தனை பணத்துக்கு வங்கிக் கடன், அதற்கு வட்டி. இதற்குள் சிங்கப்பூரிலோ துபாயிலோ கடன் வசதி உள்ள வியாபாரி வந்து முதல் மாதத்திலேயே நல்ல சரக்கை அள்ளிவிடுவார். வியட்நாம் ஆலையோ தூத்துக்குடி ஆலையோ மார்ச்சில் ஐவரி கோஸ்ட், நவம்பரில் தான்சானியா என்று வருடத்தில் இரண்டு தடவை புதுக் கொட்டை வாங்கும். உள்ளூர் ஆலைக்குப் பழைய கொட்டை, கடன், மின்வெட்டு. செஃபாவின் மதிப்பு ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டிப்போட்டது. என்னைப் போல வாங்கப் போகிறவனுக்கு வசதிதான், நாணய மாற்றுக் கவலை குறைவு. பருப்பு விற்று வியட்நாமோடு போட்டி போட வேண்டியவனுக்கு அது காலில் கட்டிய கல். அந்தப் பெரிய சண்டைக்குள் நான் போகவில்லை, எனக்குத் தெரிந்தது கொட்டைதான்.

பெனின் மெதுவாகப் போகவில்லை, கதவைச் சாத்திவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் பச்சை முந்திரிக்கொட்டை ஏற்றுமதிக்குத் தடை. கொத்தோனூவிலிருந்து 45 கிலோமீட்டரில் க்ளோ-ஜிக்பே என்ற இடத்தில் பெரிய தொழிற்பேட்டை. நான் அதை முந்தைய வருடம் போய்ப் பார்த்தேன். தலையில் வலை கட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தோல் நீக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பருப்பை விரலில் உருட்டிய விதத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். எங்கள் சித்தி இப்படித்தான் கட்டைவிரலை மடக்குவாள். மேற்பார்வையாளர் தமிழில் "என்ன சார் ஊரு?" என்றார். குமரி மாவட்டத்துக்காரர். கொல்லத்தில் ஆலை மூடியதும் இங்கே வந்துவிட்டாராம்.

தடை சரியா என்று என்னைக் கேட்டால், சரிதான் என்பேன். அதைச் சொல்ல எனக்கு வாய் கொஞ்சம் கூசும். ஏனென்றால் தடை வந்தபிறகு காடாம்புலியூர் பக்கம் சில கொட்டகைகளில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. சித்திக்கு அறுபது வயது, முந்திரிப்பால் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்தே போயிற்று. "அவங்களுக்கு வேலை கிடைச்சா நல்லதுதாம்பா. எங்களுக்கு யாரு தருவா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் டீ குடித்தேன். நம் அரசு மட்டும் என்ன, வெளிநாட்டுப் பருப்பு உள்ளே வந்து நம் ஆலைகளைக் கெடுக்கக் கூடாது என்று உடைந்த பருப்புக்குக் கிலோ 680 ரூபாய், முழுப்பருப்புக்கு 720 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. நாம் செய்தால் உள்நாட்டுத் தொழில் பாதுகாப்பு, பெனின் செய்தால் "அராஜகம்" என்று எங்கள் வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். நான் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன், குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

ஆனால் பெனினைப் பற்றி ஒரு கவலையும் உண்டு. 1990-ல் நாட்டின் எல்லாத் தரப்பினரையும் கூட்டித் தேசிய மாநாடு நடத்தி, ராணுவ ஆட்சியாளர் கெரெக்கு அதன் முடிவை ஏற்று, 1991 தேர்தலில் தோற்று இறங்கிப்போன நாடு அது. ஆப்பிரிக்கா முழுக்க அதைப் பெருமையாகச் சொன்னார்கள். இந்தத் தடையைக் கொண்டுவந்த ஜனாதிபதி தாலோன் பருத்தியில் பெரும் செல்வம் சேர்த்தவர், 2016-ல் பதவிக்கு வந்தார். அவர் ஆட்சியில் 2019-ல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் எதிர்க்கட்சி ஒன்றுகூடப் போட்டியிட முடியவில்லை. ஓட்டுப் போட்ட அன்று இணையத்தையும் நிறுத்தினார்கள். ரோடு போட்டார், பேட்டை கட்டினார், மறுக்க முடியாது. ஆனால் கப்பலில் வருகிற வெளிநாட்டு வியாபாரி போனபிறகு, பாபா மாதிரி ஒருவரின் கொட்டையை வாங்க உள்நாட்டு ஆலைகள் மட்டும்தான். ஆலைக்காரர்கள் 44 என்று சொன்னால் அவர் யாரிடம் போவார்? தட்டிக் கேட்கப் பத்திரிகை வேண்டும், எதிர்க்கட்சி வேண்டும், விவசாயிகள் சங்கம் வேண்டும். குறைந்தபட்சம் பொய் சொல்லாத ஒரு பாஸ்கூல் வேண்டும்.

பாபா 2017-ல் இறந்துவிட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்பு நான் அந்தக் கிராமத்துக்கு மறுபடி போயிருந்தேன். வாங்கப் போகவில்லை, சும்மாதான். ஒரு பழைய கட்டரையும் சின்ன டிஜிட்டல் தராசையும் எடுத்துப் போனேன். அவருடைய பேரனுக்கு அப்போது பதினாறு பதினேழு வயது. என் உடைந்த பிரெஞ்சில் வெட்டவும் பிரிக்கவும் பெருக்கவும் சொல்லிக்கொடுத்தேன். விவசாயிகளுக்கு இதையே சொல்லிக்கொடுக்க ஜெர்மன் நிதியில் முறையான பயிற்சித் திட்டங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன, நான் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. பாபா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் முதல் தடவை கணக்குப் போட்டு எண்ணைச் சொன்னதும், அவர் என்னிடம் அவருடைய மொழியில் ஏதோ கேட்டார். பேரன் மொழிபெயர்த்தான்: "அன்றைக்கு எவ்வளவு?"

மூன்று வருடம் கழித்துக் கேட்கிறார். நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னேன். அவர் தலையசைத்தார், வேறெதுவும் கேட்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

பேரன் இப்போது ஊர்ச் சங்கத்தின் சார்பில் ஆலைக்குச் சரக்கு கொடுக்கிறான். போன பருவத்தில் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். தட்டில் பிரித்து வைத்த பருப்பு, பக்கத்தில் தராசு, திரையில் எண். ஆலைக்காரர்கள் 45.5 என்கிறார்கள், தனக்கு 47 வருகிறது, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எண்ணினேன். அவன் நல்லது என்று ஒதுக்கியதில் ஐந்தாறு புள்ளி விழுந்தவை என்று எனக்குப் பட்டது. 46.4 சொன்னேன்.

ஒத்துக்கொள்ளவில்லை. புள்ளி விழுந்தாலும் தோல் நீக்கினால் பாதிக்கு மேல் வெள்ளையாகத்தான் வரும், தான் உரித்தே பார்த்திருப்பதாகக் குரல் செய்தி அனுப்பினான். அதோடு ஒரு கேள்வி: புள்ளியைப் பாதி என்றுதான் கணக்கு வைக்க வேண்டும் என்று யார் சொன்னது, இந்தியர்களா வியட்நாமியர்களா?

இன்னும் பதில் எழுதவில்லை. நேற்று சித்தி வீட்டிலிருந்து கொட்டை ஒரு கிலோ வாங்கி வந்திருக்கிறேன். காய்ந்ததும் வெட்டி, புள்ளி விழுந்ததைப் பிரித்து, தோல் உரித்து, நிறுத்துப் பார்க்க வேண்டும்.